பெஞ்சில் உட்காரும் உத்தியோகம்

ஆகஸ்ட் 6, காலை, முதல் கப்பல் வருமுன்

சாக்ரெப் மாநகரில், லிஃப்ட் பாதி நாள் ஓடாத கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் வாசம் செய்யும் என் ஒரே மகள் நெடாவுக்கு, தீவிலிருந்து உன் அப்பா யெர்கோ ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் சளி, காய்ச்சல், மேலதிகாரி முதலிய தொல்லைகள் இல்லாமல் இருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கே இடது முழங்கால் நீங்கலாக நானும், கூரையின் வடக்கு மூலை நீங்கலாக வீடும் சௌக்கியம். அத்திமரமும் சௌக்கியம். அதிலிருந்து நான் விழுந்ததை நீ இன்னும் மறக்கவில்லை என்று தெரியும். மரம் எப்போதோ மறந்துவிட்டது.

ஈஸ்டருக்கு வந்தபோது நீ அடுப்படியில் நின்று, இடுப்பில் கை வைத்து, அச்சு அசல் உன் அம்மா மாதிரியே சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன். "அப்பா, அம்மா போயி நாலு வருஷம் ஆச்சு. நீங்க காலையில பெஞ்சுல உக்காருறீங்க, சாயங்காலம் எந்திரிக்கிறீங்க. எழுபத்து நாலு வயசுல மரத்துல ஏறி விழுறீங்க. ஒண்ணு, அர்த்தமா ஏதாவது ஒரு வேலை பாருங்க. இல்லேன்னா ஆகஸ்ட் பதினஞ்சு மாதா திருநாளுக்கு வந்து உங்க பெட்டியக் கட்டி சாக்ரெப் கூட்டிட்டுப் போயிருவேன், வீட்டை ஏஜென்சிகிட்ட விட்டுருவேன்" என்றாய். "நாள் முழுக்க பெஞ்சுலயே இருக்கிறவன் மரத்துல எப்பம்மா ஏறுவான்" என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. மாப்பிள்ளை சிரித்தார், நீ திரும்பிப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார். கெட்டிக்காரர்.

உன் வீட்டைக் குறை சொல்ல மாட்டேன். போன பனிக்காலத்தில் பதினொரு நாள் அங்கே இருந்தேன், சூப்பு நன்றாக இருந்தது. ஆனால் சோபா வெள்ளையாக இருந்ததால் நான் ஓரத்திலேயே உட்கார்ந்தேன். கடல் எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு மாப்பிள்ளை ஃபோனை எடுத்துப் பார்த்துத்தான் சொன்னார். பால்கனியில் போய் நின்றால் எதிர்க் கட்டடத்து பால்கனி. அதில் பனியன் போட்ட ஒரு மனுஷர், அந்தக் குளிரிலும் பனியன்தான், கையில் காபிக் கோப்பையுடன் நின்று என்னைப் பார்ப்பார். நானும் அவரைப் பார்ப்பேன். பதினொரு நாளும் ஒரு பேச்சு இல்லை. தலைநகரத்தில் எனக்கு வாய்த்த சமூக வாழ்க்கை மொத்தமும் அதுதான். ஆகவே நீ அந்தக் கெடு வைத்தபோது என் பெட்டியைப் பரண்மேல் ஒளித்து வைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு தபாலில் புத்தகம் வந்தது. பள்ளிக்கூடம் முடிக்கிற பிள்ளைகளுக்காக உங்கள் அலுவலகம் அச்சடித்தது, நீயே எழுதியது, 'சுற்றுலாத் துறையில் அர்த்தமுள்ள பணியைத் தேர்ந்தெடுக்க ஏழு படிகள்'. அட்டையில் ஒரு பெண் சூட்கேசைப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். நம் தீவின் கல்படியில் சூட்கேசோடு ஏறுகிற எவரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இருந்தாலும் பெற்ற பெண் எழுதியதாயிற்றே என்று விரல் வைத்து எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தேன். ஐந்தாம் வகுப்பில் என்னை வெளியே அனுப்பிய வாத்தியார் பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

முதல் படியில் 'உங்கள் பலங்களை அறிந்துகொள்ளுங்கள், உங்களை நன்கு அறிந்தவர்களிடம் கேளுங்கள்' என்று போட்டிருக்கிறாய். மதில் மேலாக எட்டி, பக்கத்து வீட்டுத் தோன்காவைக் கேட்டேன். உன் பால் பல்லை நூல் கட்டிப் பிடுங்கினாளே, அந்தத் தோன்காதான்; புருஷன் போய்ப் பத்து வருஷமாகியும் இன்னும் கறுப்புத்தான் உடுத்துகிறாள், குரல் மட்டும் குறையவில்லை.

"உம்ம பலமா? வாயி" என்றாள்.

"வேற?"

"உக்காருறது. அறுபது வருஷமாப் பாக்குறேன், உம்மள மாதிரி உக்கார இந்தத் தீவுல ஆளில்ல. சில நாளு உசிரு இருக்கான்னு கல்லு விட்டுப் பாக்கலாமான்னு தோணும்."

புத்தகத்தில் விட்டிருந்த கோட்டில் அப்படியே எழுதினேன்: ஒன்று, வாய். இரண்டு, உட்காருதல். அடுத்த கேள்வி, 'ஐந்து ஆண்டுகளில் உங்களை எங்கே காண்கிறீர்கள்?' ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முனையில் கல்லறைத் தோட்டம் நன்றாகத் தெரிந்தது. 'உன் அம்மாவுக்கு இடப்பக்கம்' என்று எழுதினேன். அதன் கீழே, 'அதை அடைய இப்போது என்ன முயற்சி செய்கிறீர்கள்?' என்று இருந்தது. 'மரம் ஏறுகிறேன்' என்று எழுதினேன். பிள்ளைகளுக்கு இப்படியெல்லாம் கேள்வி கேட்டால் அவர்கள் ராத்தூக்கம் என்ன ஆவது?

இரண்டாம் படி, 'களத்தில் இறங்குங்கள்.' இறங்கினேன். படகுத்துறையில் கப்பல் வரும் நேரம், அறை வாடகைக்கு விடுகிற பெண்கள் அட்டை பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அங்கே போய் நானும் நின்றேன். உன் அம்மா இருந்தவரை அந்தப் பக்கம் எனக்கு வேலையில்லை, அது பெண்கள் ராஜ்ஜியம். யார் எந்தக் கல்லில் நிற்பது என்பது மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வருகிற சொத்து என்றும், கப்பல் கயிற்றை மாட்டுகிற இரும்புக் குற்றிக்குப் பக்கத்துக் கல், பயணி இறங்கியதும் முதலில் முட்டிக்கொள்கிற இடம், தோன்கா குடும்பத்துக் கல் என்றும் எனக்கு எப்படித் தெரியும். நிழலாக இருந்தது, நின்றேன். பத்துப் பெண்களும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். நம் துறையில் அலை அடிக்கிற சத்தத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

"நீர் நிக்கிறது என்னன்னு தெரியுதா?" என்றாள் தோன்கா.

"கல்லு."

"என் மாமியா சாகும்போது என் கையப் பிடிச்சுக் குடுத்துட்டுப் போன கல்லு."

"அப்ப வீட்டுக்குள்ள எடுத்து வச்சிருக்கணும். வெளிய கெடந்தா யாராவது நிக்கத்தான் செய்வாங்க."

அதற்குமேல் என்னைப் பேசவிடவில்லை. அப்படியே தள்ளிக்கொண்டு போய், வரிசையின் கடைசியில், குப்பைத் தொட்டிக்கும் காலி மீன்பெட்டிகளுக்கும் நடுவில் நிறுத்தினார்கள். அங்கே நிற்பதற்குக்கூட நான் அவர்களிடம் நன்றி சொல்ல வேண்டியிருந்தது. கையில் இருந்த அட்டை கொட்டகையில் கிடைத்தது. ஒரு பக்கம் 'அறை உண்டு' என்று தார் கொண்டு எழுதியிருந்தேன். மறுபக்கம் ஆறு வருஷத்துக்கு முன் நம் கழுதையை விற்கப் பார்த்தோமே, அப்போது மாப்பிள்ளை வரைந்த கழுதைப் படம். காற்று அட்டையைத் திருப்பியதை நான் கவனிக்கவில்லை. கப்பலிலிருந்து இறங்கிய டென்மார்க்குக்காரர்கள் இரண்டு பேர், கொடிமரம் மாதிரி உயரம், பத்துப் பெண்களையும் தாண்டி நேரே என்னிடம் வந்தார்கள். பெயர் எஸ்பன், மனைவி பிர்தே. அவர் தன் பாஷையில் ஃபோனிடம் ஏதோ சொன்னார், ஃபோன் நம் பாஷையில், பிரசங்கம் வைக்கிற சாமியார் குரலில், பேசியது: "வணக்கம் ஐயா. தங்கள் கழுதையை நாங்கள் காண இயலுமா?"

"அது செத்து அஞ்சு வருஷமாச்சு."

ஃபோன் அவர்களிடம் சொன்னது. இரண்டு பேரும் தொப்பியைக் கழற்றினார்கள். "தங்கள் இழப்பிற்கு ஆழ்ந்து வருந்துகிறோம்" என்றது ஃபோன். உன் அம்மா போனபோது நகராட்சியிலிருந்துகூட எவரும் இவ்வளவு அழகாகச் சொல்லவில்லை. "தற்போது தங்களிடம் வேறு என்ன உள்ளது?" என்று கேட்டது.

"ரூம் இருக்கு. நான் இருக்கேன்."

பின்னாலிருந்து தோன்கா, "கழுதைக்குப் பதிலா இதையே வச்சுக்கலாம். கொஞ்சம் கூடப் பேசும், அவ்வளவுதான்" என்றாள். அதையும் அந்த ஃபோன் சிரத்தையாக மொழிபெயர்த்தது. அவர்கள் என்னோடு வந்துவிட்டார்கள்.

உன் அறையைத்தான் கொடுத்தேன், கோபித்துக்கொள்ளாதே. சுவரில் உன் நீச்சல் மெடல்கள் அப்படியே இருக்கின்றன, பிர்தே ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தாள். மூன்றாம் படியில் நீ எழுதியிருக்கிறாய், 'விருந்தினர் வாங்குவது படுக்கையை அல்ல, அனுபவத்தை' என்று. அதன் பொருள் மறுநாள் காலையில் விளங்கியது. ஷவரில் தண்ணீர் வரவில்லை, அது மார்ச்சிலிருந்தே வரவில்லை. வெட்கத்தோடு மழைநீர்த் தொட்டியிலிருந்து வாளியில் மொண்டு முற்றத்தில் வைத்தேன். இரண்டு பேரும் வாளித் தண்ணீரை ஒருவர் தலையில் ஒருவர் ஊற்றிக்கொண்டு குழந்தைகள் மாதிரி சத்தம் போட்டார்கள். காலைச் சாப்பாட்டுக்கு நான் தின்பதையே, பழைய ரொட்டி, உப்பு மத்தி, தண்ணீர் கலந்த ஒயின், வைத்தேன். போட்டோ எடுத்துக்கொண்டு தின்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை, இவ்வளவு நல்ல ஜனங்களுக்கு இப்படியா என்று, குழாய்க்காரனைக் கூட்டிவந்து ஷவரைச் சரி செய்து, புது பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு, பொட்டலத்தில் அடைத்த கேக் எல்லாம் வாங்கி வைத்தேன். முகம் விழுந்துபோயிற்று இரண்டு பேருக்கும். "ஏதேனும் தவறு செய்துவிட்டோமா?" என்றது ஃபோன். மத்தியானமே நான் ஷவரைத் திரும்பவும் கெடுத்துவிட்டேன். குழாய்க்காரன் கேட்டான், "மாமா, உங்களுக்கு அது ஓடணுமா, ஓடக் கூடாதா?" "வெள்ளைக்காரன் இருக்கிறவரைக்கும் ஓடக் கூடாது" என்றேன். "நீங்க என்ன கறுப்பா" என்றான். அவனுக்கும் வாய் கூடிவிட்டது.

நான்காம் படி, 'கதை சொல்லுங்கள்.' அது நமக்குச் சொல்லித் தர வேண்டாம். கோயில் வாசலில் மூக்கில்லாத கல் சிங்கம் இருக்கிறதே, அதன் முன்னால் அவர்களை நிறுத்தி, கடற்கொள்ளைக்காரன் ஒருவன் நம் ஊர்ப் பெண்ணைக் கேட்டதாகவும், ஊர் கொடுக்க மறுத்ததாகவும், அவன் ஆத்திரத்தில் வாளை உருவிச் சிங்கத்தின் மூக்கைச் சீவிவிட்டுப் போனதாகவும் சொன்னேன். பிர்தேவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உண்மை உனக்குத் தெரியும்: எனக்கு ஒன்பது வயதில் தோன்காவின் அண்ணனைக் கல்லால் குறி வைத்தேன், அவன் குனிந்துவிட்டான். அது போகட்டும். பத்து நாள் கழித்து ஒரு பெரிய கப்பலிலிருந்து நாற்பது பேர் இறங்கினார்கள், முன்னால் கொடி பிடித்த ஒரு பெண், உன் புத்தகத்தைப் படித்து வந்தவள் போல இருந்தாள். அதே சிங்கத்தின் முன்னால் நின்று அதே கதையைச் சொல்கிறாள். இப்போது அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் இருக்கிறது, மணிக்கூண்டிலிருந்து குதிக்கிறாள். நான் போய், "அம்மா, அந்த மூக்க ஒடச்சது நான்தான்" என்றேன்.

"பெரியவரே, வரலாறு தெரியாமப் பேசக் கூடாது. நாங்க பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி லைசென்ஸ் வாங்கியிருக்கோம்" என்றாள்.

நாற்பது பேரும் என்னைப் பார்த்த பார்வையில் நான் சுருங்கிப்போனேன். பக்கத்தில் நின்ற தோன்கா, "அன்னைக்கு அதுக்காக உம்ம அப்பா உம்மள பெல்ட்டால அடிச்சாரே, அது வீணாப் போச்சு பாரும்" என்றாள். ஆகவே வழிகாட்டி வேலையை விட்டுவிட்டேன். என் பொய்க்கே என்னிடம் லைசென்ஸ் இல்லை.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் கடைசியில், ஒரு மத்தியானம், எனக்கு வேலை எதுவும் கிடைக்கவில்லை, மாதா திருநாள் நெருங்குகிறது, பெட்டியின் பூட்டுச் சத்தமே காதில் கேட்கிறது என்று மனம் நொந்து, வழக்கப்படி பைன் மரத்தடி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் நோவு போய்விட்டது, கடல் போய்விட்டது, நானும் போய்விட்டேன். திரும்பி வந்தபோது எதிரே இரண்டு கொடிமரங்கள் நின்றுகொண்டிருந்தன.

"தாங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?" என்றது ஃபோன்.

"ஒண்ணும் செய்யல."

"எவ்வளவு காலமாக?"

"எழுபத்து நாலு வருஷமா. நடுவுல கொஞ்சம் மீன் பிடிச்சேன்."

"இந்நிலைக்குப் பெயர் உண்டா?"

"ஃபியாகான்னு சொல்லுவோம். தூக்கம் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. வெயில் தலையில எறங்கும்போது எதுவுமே வேணாம்னு இருக்கும்ல, அது. அதுவா வரும். கூப்பிட்டா வராது."

எஸ்பன் மெதுவாகச் சொன்னார், தன் டாக்டர் இரண்டு வருஷமாக இதைத்தான் செய்யச் சொல்கிறார், எப்படிச் செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை என்று. பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்டார். பெஞ்சு நகராட்சி பெஞ்சு, உட்காருங்கள் என்றேன். பிர்தேவும் உட்கார்ந்தாள். அரைமணி நேரத்தில் எஸ்பனின் வாய் லேசாகத் திறந்துகொண்டது, கை தொடையிலிருந்து தானாக நழுவியது. தோன்கா மதில் மேலாகப் பார்த்துவிட்டு, "யெர்கோ, ஆளு இருக்காரா போயிட்டாரா" என்றாள். இருந்தார். எழுந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

அவர் அதை ஊருக்குப் போய் எழுதிவிட்டார், ஃபோனில் எல்லாரும் எழுதுகிறார்களே அதில், தீவில் ஒரு பெரியவர் உட்காரக் கற்றுத் தருகிறார் என்று. அடுத்த வாரம் நாலு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் ஒன்பது. இப்போது ஒரு நாளைக்குப் பதினைந்து பேருக்குக் குறைவதில்லை. பெஞ்சு போதாமல் கோயில் பெஞ்சை சாமியார் கொடுத்திருக்கிறார். நிர்வாகம் தோன்கா. மாமியார் கல்லை மருமகளிடம் ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டாள், யார் எந்த இடத்தில் உட்காருவது என்று அவள்தான் முடிவு செய்கிறாள், அதில் அவளுக்கு அனுபவம் உண்டு. பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை என்று பலகை வைத்திருக்கிறாள். ஒருத்தி நோட்டுப் புத்தகத்தோடு வந்து, முதுகை நேராக வைக்க வேண்டுமா, கண் எங்கே பார்க்க வேண்டும் என்று கேட்கிறாள். இன்னொருவன் மூணு நாளாக உட்கார்ந்தும் இன்னும் ஏதோ வேண்டும் போலவே இருக்கிறது என்று புகார் சொல்கிறான். என்ன வேணும் என்று கேட்டால், ஃபியாகா வேணும் என்கிறான்.

மகளே, உன் புத்தகத்தின் ஐந்தாம் படியில் 'பணியில் ஒழுங்கு' என்று ஒன்று இருக்கிறது. அது எனக்கு இப்போது வந்துவிட்டது. ஆறு மணிக்கு அலாரம் வைத்து எழுந்திருக்கிறேன். பெஞ்சைக் கூட்டுகிறேன். வாளிகளில் தண்ணீர் நிரப்புகிறேன். மத்தி மீன் சுத்தம் செய்கிறேன். சவரம் செய்யக் கூடாது, தோன்கா உத்தரவு, "செரைச்சா போட்டோவுல வேற ஆளு மாதிரி தெரியுறீரு" என்கிறாள். கிழிந்த சட்டையைத் தைத்துவிட்டேன் என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, பிறகு அவளே நூலைப் பிரித்துவிட்டாள். பன்னிரண்டு அடித்தால் மழை பெய்தாலும் முழங்கால் வலித்தாலும் பெஞ்சில் இருக்க வேண்டும். ஒன்றேகாலுக்கு ஒன்றுக்கு வரும், எழுந்து போக முடியாது, பதினைந்து பேர் என்னைப் பார்த்துத்தான் சும்மா இருக்கிறார்கள். நடுவில் ஓரக்கண்ணால் கடிகாரத்தைப் பார்க்கிறேன். சும்மா உட்காருவதற்காக நாள் முழுக்க ஓடுகிறேன். ஜூலை ஒன்பதுக்குப் பிறகு எனக்கு ஒரு தடவைகூட ஃபியாகா வரவில்லை என்பது உனக்கும் எனக்கும் இருக்கட்டும், தோன்காவுக்குத் தெரிய வேண்டாம்.

வீடு நிரம்பி வழிகிறது. உன் அறையில் ஆள். அம்மாவின் தையல் அறையில் ஆள். என் அறையில் ஆள். இது உனக்குப் புதிதில்லை, தீவில் எல்லாரும் கோடைக்கு மெத்தையைத் தூக்கிக்கொண்டு கீழே ஒயின் கிடங்கில் போய்த்தானே படுக்கிறோம். நானும் அப்படியே பீப்பாய்களுக்கு நடுவில் படுத்தேன். அதை இரண்டு பிரெஞ்சுப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். வீட்டிலேயே இதுதான் மிக உண்மையான அறை என்று சொல்லி, மேலே இருக்கிற எதுவும் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆகவே நான் எங்கே தூங்குகிறேன் என்று நீ கவலைப்படாதே. நல்ல காற்றோட்டமான இடம், கடல் தெரிகிறது.

ஆக, பெரியோர்களுக்கும் பெண் அதிகாரிகளுக்கும் தெரிவிப்பது என்னவென்றால், உன் அப்பாவுக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது. அர்த்தம் உள்ளதா என்று கேட்டாய். உன் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில், 'உங்கள் பணியால் ஒரு மனிதன் மாறிச் செல்கிறானா என்று கேளுங்கள்' என்று இருக்கிறது. எஸ்பனிடமிருந்து கடிதம் வந்தது, பாதி நாள் வேலைக்கு மாறிவிட்டாராம், தன் வீட்டுத் தோட்டத்தில் பெஞ்சு போட்டிருக்கிறாராம். இதைவிட என்ன வேண்டும்? உங்கள் அலுவலகத்தில் கேட்டால் சொல், பிள்ளைகளுக்கு எட்டாம் படியாக இதைச் சேர்த்துக்கொள்ளலாம். நான் இல்லாமல் அந்த பெஞ்சு ஒரு நாளும் ஓடாது. ஆகையால் நீ பதினைந்தாம் தேதி பெட்டியோடு வரத் தேவையில்லை. திருநாளுக்கு வேண்டுமானால் வா, ஊர்வலம் பார், ஆட்டுக்கறி தின்றுவிட்டுப் போ. ஏஜென்சிக்காரனிடம் வீட்டுக்காரர் வேலையில் இருக்கிறார் என்று சொல்லிவிடு. அம்மாவுக்குப் பூ வைத்தேன், உன் பங்குக்கும் சேர்த்து.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் மாதாவின் அருள் என்றும் துணை நிற்கட்டும். லிஃப்ட் வாரத்துக்கு மூன்று நாளாவது ஓடட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
யெர்கோ
(உட்காருதல் ஆசிரியர்)

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போட்டுவிட்டேன், அதற்குள் நீ தோன்காவின் ஃபோனில் கூப்பிட்டாய். "அப்பா, பதினாலாம் தேதியே லீவு கெடச்சிருச்சு. பெட்டியெல்லாம் கொண்டு வரல, சும்மாதான் வரேன். என் ரூமைத் தட்டி வச்சிருங்க, ரெண்டு நாளு என் கட்டில்ல படுத்துத் தூங்கணும் போல இருக்கு" என்றாய். நான் சரி சரி என்று வைத்துவிட்டேன். பிறகு தோன்காவின் நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். உன் கட்டிலில் செப்டம்பர் இருபது வரை ஆள். அம்மா தையல் அறையிலும் ஆள். என் மெத்தையில் ஆள். கிடங்கில் பிரெஞ்சுக்காரிகள். எட்டு நாளாக நான் தூங்குவது நம் படகில், அதையும் நேற்று ஒரு போட்டோக்காரன் பார்த்துவிட்டான், இன்று சாயங்காலத்திலிருந்து அவனுக்கு. பெற்ற மகளுக்குப் படுக்க இடமில்லை என்று ஃபோனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, தோன்கா கண்டுபிடித்த பலம் அங்கே காலை வாரிவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை முழங்காலைக் காட்ட டாக்டரிடம் போயிருந்தேன், என் இடத்தில் தோன்கா உட்கார்ந்தாள். அந்த நீளக் கறுப்புப் பாவாடையோடு, இரண்டு மணி நேரம், ஒரு வார்த்தை பேசாமல். ஆயுசில் முதல் தடவை. என்னைவிட அவள் நன்றாக உட்காருகிறாள் என்று பதினேழு பேர் ஃபோனில் எழுதியிருக்கிறார்கள். "என்ன பண்ணுன?" என்று கேட்டேன். "ஒண்ணும் பண்ணல. எதுவும் வேணாம்னு இருந்துச்சு" என்றாள். வந்துவிட்டது அவளுக்கு.

ஆகவே நீ வர வேண்டாம், நான் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைக் கப்பல், அப்புறம் ஸ்ப்ளிட் துறைமுகத்திலிருந்து பஸ். பெட்டியை நானே கட்டிவிட்டேன், உனக்கு அந்தச் சிரமம் வேண்டாம். செப்டம்பர் கடைசி வரை, தொந்தரவில்லை என்றால். அலாரம் கொண்டு வரவில்லை. உன் கட்டிலைக் கொண்டுவர முடியவில்லை, தலையணையை மட்டும் பிடுங்கி எடுத்து வருகிறேன், அதில் படுத்திருக்கிற பெல்ஜியத்துக்காரன் தலையணையில்லாமல் தூங்கட்டும். மாப்பிள்ளையை பால்கனியில் ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொல், பழைய நாற்காலி போதும். எதிர் பால்கனியில் அந்தப் பனியன் மனுஷர் இன்னும் நிற்கிறார்தானே? நான் வருவதை அவரிடம் சொல்ல வேண்டாம், நேரில் பார்த்துக்கொள்வோம். அவர் செய்துகொண்டிருப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று மட்டும் யாரும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.